ஒரு வினாவும் பதினெட்டு ஆண்டு விடையும்

தமிழ்த்தாத்தா டாக்டர் உ. வே. சாமிநாதையரின் பெயரைச் சொன்னதும், தலைப்பாகையும் அங்கவஸ்திரமும் அணிந்த முதியவர் ஒருவரின் உருவமே நம் மனக்கண்முன் வந்து நிற்கிறது. ஓலைச்சுவடிகளுக்கு நடுவே பிறந்து, அவற்றைப் பதிப்பிக்கவே வளர்ந்தவர் போல அவரை நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மை அதுவன்று. இருபத்தைந்து வயது நிறைந்த பின்னும் அவர் ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றையேனும் பாடங்கேட்டவரல்லர். பெரும்புலவர் ஒருவரிடம் பயின்று, மதிப்பான வேலையில் அமர்ந்து, குறைவின்றிக் குடும்பம் நடத்திவந்த இளைஞர் அவர். அந்த வாழ்வு அப்படியே நடந்திருந்தால், கல்லூரி ஒன்றின் பழைய பதிவேடுகளோடு அவர் பெயரும் மங்கிப் போயிருக்கும். அவ்வாறு நேராமற் போனதன் காரணத்தை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிழைப்பைத் தேடிய இளமை

அன்றைய தஞ்சை மாவட்டத்து உத்தமதானபுரம் அவருடைய சொந்த ஊர். 1855ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள், தாயார் பிறந்த ஊராகிய சூரியமூலையில் அவர் பிறந்தார். தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவல்லவர். இராமாயணத்தை இசையோடு கதையாகச் சொல்லி, அதனால் வரும் வருவாயில் குடும்பத்தைக் காத்துவந்தார். கதை கேட்க விரும்புவோர் எந்த ஊரில் அழைத்தார்களோ அந்த ஊரே அக்குடும்பத்தின் இருப்பிடமாயிற்று. அரியலூர், குன்னம் முதலிய ஊர்களில் அவர்கள் மாறி மாறி வாழ்ந்தனர். சிறுவனின் கல்வியும் அவ்வாறே நடந்தது. அரியலூரில் சடகோப ஐயங்காரும், பிற ஊர்களில் அவ்வவ்வூர்ப் புலவர்களும் தாங்கள் அறிந்தவற்றைச் சொல்லித் தந்தார்கள். ஊர் மாறினால் பாடம் நின்றுவிடும். மீண்டும் தொடங்க வேறொருவரைத் தேட வேண்டும்.

1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்ததோடு இந்த அலைச்சல் தீர்ந்தது. அங்கே கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசை பயிலும் வாய்ப்பும் கிடைத்தது. தமிழ் கற்கும் மாணவனின் மனம் இசையிற் செல்வதை ஆசிரியர் விரும்பவில்லை என்று அறிந்ததும், தந்தைவழி வந்த அந்தக் கலையை அவர் விட்டுவிட்டார். பிள்ளையவர்கள் தடையின்றிச் செய்யுள் இயற்றிச் சொல்லிக்கொண்டே போக, ஓலையில் எழுதும் பேறு அவருக்குக் கிடைத்தது. இடையிடையே வறுமையும் குறுக்கிட்டது. திருமணத்தால் ஏற்பட்ட கடனைத் தீர்க்கப் புராணப் பிரசங்கம் செய்யப் போகவும் நேர்ந்தது.

1876 பிப்ரவரி முதல் நாள், திருவாசகத்தின் அடைக்கலப்பத்தைக் கேட்டவாறே பிள்ளையவர்கள் உலகை நீத்தார். எண்ணற்ற நூல்களை இயற்றிய அப்பெரும்புலவர் விட்டுச்சென்ற செல்வத்துள் கடனும் ஒன்று. புலமை ஒன்றையே நம்பி வாழ்பவனின் நிலை எத்தகையது என்பதை மாணவர் கண்ணாரக் கண்டார். திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் அவரைத் தம் ஆதரவில் வைத்துக்கொண்டார். 1880 பிப்ரவரியில், பிள்ளையவர்களின் மூத்த மாணாக்கரும் கும்பகோணம் அரசினர் கல்லூரித் தமிழாசிரியருமான தியாகராச செட்டியார் ஓய்வுபெற்றபோது, அந்த இடத்தைச் சாமிநாதையருக்குப் பெற்றுத் தந்தார். மாதச் சம்பளம் 50 ரூபாய். தந்தையாரின் காலமெல்லாம் எட்டாத நிலைபேறு மகனுக்கு வந்துசேர்ந்தது.

அக்காலத்தில் ஒரு வித்துவானுக்கு இதற்குமேல் வேண்டுவது யாது? அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை, உலா, தலபுராணம், இலக்கணம் ஆகியவை அந்நாளைய கல்வியின் எல்லை. அந்த எல்லை முழுவதையும் அவர் சுற்றிவந்துவிட்டார். செய்யுள் இயற்றவும் வல்லவர். அவரிடம் சோம்பலும் இல்லை, குறையென்று பிறர் சொல்லத்தக்க எதுவும் இல்லை. தம் கல்வியில் குறை உண்டு என்பதே அவருக்குத் தெரியாதிருந்தது.

அந்தச் சந்திப்பு

சேலம் இராமசுவாமி முதலியார் அவ்வாண்டில் கும்பகோணத்திற்கு முன்சீபாக வந்தார். 1880 அக்டோபர் 21ஆம் நாள் சாமிநாதையர் அவரைக் காணச் சென்றார். முதலியார் அவருடைய ஆசிரியர் யார் என்று வினவினார். தமிழுலகமே வணங்கிய மகாவித்துவானின் பெயரைச் சொல்லியும் முதலியாரின் முகத்தில் வியப்பு எதுவும் தோன்றவில்லை. பின், படித்த நூல்கள் எவை என்று கேட்டார். இளைஞர் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினார். அந்தாதிகள் முடிந்து பிள்ளைத்தமிழ்கள் வந்தன; கோவைகளும் புராணங்களும் தொடர்ந்தன. கம்பராமாயணமும் பெரியபுராணமும் வந்தன. இவற்றையெல்லாம் படித்ததனால் என்ன பயன் என்று முதலியார் கேட்டுவிட்டார். சீவகசிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றைப் படித்ததுண்டா என்பது அவருடைய அடுத்த வினா. இளைஞர் படித்ததில்லை, அவருடைய ஆசிரியரும் அவற்றைப் பாடஞ்சொன்னதில்லை.

அந்த இடத்தில் மூன்று வழிகள் இருந்தன. ஆங்கிலம் படித்த அதிகாரிக்குத் தமிழின் அருமை தெரியவில்லை என்று சினந்து வெளியேறலாம். தம் ஆசிரியரை மதியாதவரின் வீட்டுப் படியை மிதிப்பதில்லை என்று முடிவு செய்யலாம். இவ்விரண்டும் தன்மானம் என்ற பெயரால் எளிதில் அமைந்துவிடக்கூடியவை. சாமிநாதையரோ நூல் கிடைத்தால் படித்துப் பார்ப்பதாகச் சொன்னார். பிறகு முதலியார் தம்மிடமிருந்த சிந்தாமணியின் காகிதக் கையெழுத்துப் படியை அவரிடம் கொடுத்தார்.

இந்த வினாவை நாம் பழைய நூல்களின் சிறப்பைக் காட்டும் நிகழ்ச்சியாக மட்டும் சொல்லி வருகிறோம். அந்தாதிகளும் கோவைகளும் பயனற்றவை என்று முடிவுகட்டுவது பொருந்தாது. அவற்றால் வந்த சொல்வளமும் யாப்புப் பயிற்சியும் இல்லாதிருந்தால், சிதைந்த ஏட்டில் சீர் எங்கே குறைகிறது, எதுகை எங்கே பிழைக்கிறது என்று அவரால் பின்னாளில் கண்டிருக்க முடியாது. அதுவரை அவர் கற்றதெல்லாம் கருவியாகக் கையில் இருந்தது. அக்கருவியால் செய்யவேண்டிய பணிதான் தெரியாதிருந்தது. முதலியாரின் வினா அந்தப் பணியைக் காட்டியது.

ஏழாண்டு ஆயத்தம்

சிந்தாமணியைத் திறந்ததும் அதன் கடினம் தெரிந்தது. அதன் முதற்பகுதியாகிய நாமகள் இலம்பகத்தை 1868இல் பவர் பாதிரியார் பதிப்பித்திருந்தார். எஞ்சிய பகுதியெல்லாம் ஏட்டிலேயே கிடந்தது. நச்சினார்க்கினியரின் உரையோ பெருங்காடு. தாம் எடுத்தாளும் மேற்கோளின் நூற்பெயரை அவர் பலவிடத்தும் சொல்வதில்லை. விடுமுறை நாள்களில் முதலியார் வீட்டில் சிந்தாமணிப் பாடம் நடந்தது. முதலியார் கேட்கும் கேள்விகளுக்கு விடை சொல்லவேண்டியிருந்ததால், விளங்காத இடத்தை விளங்கியது போல் கடந்துவிட வழியில்லை.

சமயச் செய்திகள் அடுத்த தடையாயின. சைவ மடத்தில் வளர்ந்தவருக்குச் சமணக் கொள்கைகள் எங்ஙனம் தெரியும்? கும்பகோணத்தில் வாழ்ந்த சைனர்களைத் தேடிச் சென்றார். அவர்களுள் சந்திரநாத செட்டியார் குறிப்பிடத்தக்கவர். வித்துவான்கள் கண்ணால் காணாத சிந்தாமணியைச் சைன இல்லத்தார் புனித நூலாக ஓதி, ஓதி முடித்ததை விழாவாகக் கொண்டாடுவதை அவர் அங்கே கண்டார். தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்பதில் கல்லூரி ஆசிரியர் என்ற பதவி அவருக்குத் தடையாகவில்லை. சமண நூலிற் காலத்தைச் செலவிடுவது சைவருக்குத் தகுமா என்று முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள். எனினும் அவரை வளர்த்த சைவ மடம் தன் ஏடுகளைத் தந்து உதவியது. ஆதீனத்துப் புத்தகசாலையில் பழஞ்சுவடிகளைப் புரட்டியபோது எட்டுத்தொகை நூல்கள் அவர் கண்ணிற் பட்டன. நச்சினார்க்கினியர் பெயர் சொல்லாமல் காட்டிய மேற்கோள்கள் பல அவற்றுள் இருந்தன. ஒரு காப்பியத்துக்கு விளக்கம் தேடிப் போனவர்க்குச் சங்க இலக்கியத்தின் வாயிலே திறந்தது.

ஏடு தேடுதல், பல ஏடுகளை ஒப்பிடுதல், வேறுபாடுகளைக் குறித்தல், சொற்களுக்கும் பொருள்களுக்கும் அகராதி எழுதுதல் என ஆண்டுகள் சென்றன. இவையனைத்தும் கல்லூரி வேலை போக எஞ்சிய பொழுதுகளில் நடந்தவை. இடையில் ஒரு சோதனை வந்தது. வீரசோழியம் முதலியவற்றை வெளியிட்டுப் புகழ்பெற்றிருந்த சி. வை. தாமோதரம் பிள்ளை, சிந்தாமணியைத் தாமே பதிப்பிக்க விரும்பினார். அனுபவம் மிக்க அவரிடம் ஒப்படைத்துவிட்டால் பொருட்கவலை இல்லை; பிழைக்கு அஞ்சவும் வேண்டுவதில்லை. பழங்காப்பியம் எதையும் அதுவரை அச்சிட்டறியாத இளைஞரை இந்த எண்ணம் அசைத்திருக்கக்கூடும். ஆயினும் தாம் உழைத்து ஆராய்ந்ததைத் தாமே வெளியிடுவது என்று அவர் உறுதி கொண்டார். முதலியாரும் ஊக்கினார்.

கையொப்பம் வாங்கி முன்பணம் திரட்டி, விடுமுறைதோறும் சென்னைக்குச் சென்று, திராவிட ரத்னாகர அச்சுக்கூடத்தில் இரவும் பகலும் அச்சுப்படிகளைத் திருத்தி, 1887இல் சீவகசிந்தாமணியை முழுமையாக வெளியிட்டார். முதலியாரின் வினாவில் மூன்றில் ஒரு பங்குக்கு விடை கிடைத்தது.

மற்ற இரண்டு பங்கு

1889இல் பத்துப்பாட்டு வெளிவந்தது. கவிஞர்கள் நினைவிற் கொள்ளத்தக்க செய்தி ஒன்று அப்பதிப்பில் உண்டு. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிய பூக்களுள் சிலவற்றின் பெயர்கள் கிடைத்த ஏடுகளில் விடுபட்டிருந்தன. சில பூக்கள்தாமே என்று விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை. தருமபுர ஆதீனத்து ஏடுகளை நாடிச் சென்று, அங்கே அவற்றைக் கண்டெடுத்தார். இன்று நாம் கபிலரின் 99 பூக்கள் என்று எண்ணிச் சொல்ல முடிகிறதென்றால், அது அந்தப் பயணத்தின் பயன்.

எல்லாப் பயணமும் இவ்வாறு முடியவில்லை. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் வரகுணபாண்டியர் வைத்திருந்த ஏடுகளைத் தேடிச் சென்றபோது, அவை ஆகம விதி என்ற பெயரால் ஓமத்தீயில் இடப்பட்டுவிட்டன என்ற செய்தியே அவரை எதிர்கொண்டது. எந்தெந்த நூல்கள் எரிந்தன என்று இனி எவராலும் சொல்ல இயலாது. ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் விலை உண்டு என்று அவர் உணர்ந்திருந்தார். ஆயினும் அவசரத்தால் நூலைக் குறைபட வெளியிடவும் இல்லை.

சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும் வந்தன. மணிமேகலையின் பௌத்தப் பகுதிகள் விளங்காதிருந்தன. இத்தமிழ்நாட்டில் கேட்டறியப் பௌத்தர் இல்லை. உடன் பணியாற்றிய மளூர் ரங்காசாரியர், பௌத்தம் பற்றிய ஆங்கில நூல்களைப் படித்துப் பொருள் சொல்லி உதவினார். பௌத்தக் கொள்கை தெளிவாகும்வரை காத்திருந்து, 1898இல்தான் மணிமேகலையை அவர் வெளியிட்டார். புத்தர் வரலாற்றையும் பௌத்த தருமத்தையும் தமிழில் எழுதிச் சேர்த்தார்.

ஒரு பிற்பகலில் கேட்ட வினாவுக்கு முழுவிடை தரப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. கேட்டவர் அதைக் காண இருக்கவில்லை. சேலம் இராமசுவாமி முதலியார் 1892இலேயே, நாற்பது வயது நிறையுமுன் காலமாகிவிட்டார்.

பணி ஓயாத முதுமை

1903இல் அவர் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறினார், 1906இல் மகாமகோபாத்தியாயர் பட்டம் பெற்றார், 1919இல் ஓய்வுபெற்றார். ஓய்வு வேலைக்குத்தான், பணிக்கன்று. பெருங்கதை 1924இலும் குறுந்தொகை 1937இலும் வெளிவந்தன. குறுந்தொகை வந்தபோது அவருக்கு வயது 82. ஆசிரியரின் வரலாற்றை இரண்டு பாகங்களாக எழுதினார். தம் வரலாற்றை 1940 முதல் ஆனந்த விகடனில் எழுதிவந்தார், அது முடியவில்லை. போர் அச்சத்தால் சென்னை காலியானபோது திருக்கழுக்குன்றத்துக்குச் சென்றவர், 1942 ஏப்ரல் 28ஆம் நாள் அங்கே மறைந்தார்.

பழந்தமிழ் நூல்கள் அச்சேறியது அவர் ஒருவரால் மட்டுமன்று. ஆறுமுக நாவலரும் தாமோதரம் பிள்ளையும் அவருக்கு முன்னே வழி வகுத்தவர்கள். தனித்துச் சொல்லத்தக்கது, பிழைப்புக்குப் போதுமான கல்வி கைவந்த பின்னும் அவர் மீண்டும் மாணவரானமை.

நம் இலக்கிய வட்டம் பத்தாண்டுகளை நிறைவு செய்திருக்கிறது. கவியரங்குகள் நடந்திருக்கின்றன, நம் பாடல்களை நாமே கேட்டுப் பாராட்டியிருக்கிறோம். ஓர் அமைப்பு பத்தாண்டு நிலைத்திருப்பது எளிய செயலன்று. ஆயினும் நிலைத்திருத்தல் வேறு, செய்துமுடித்தல் வேறு. இதுவரை கற்றதால் என்ன பயன் என்று எவரேனும் நம் அவையில் எழுந்து கேட்டால், அவரைச் சினவாமல் அமரச்செய்து, அவர் சொல்லும் நூலைக் கையில் வாங்கும் மனம் நமக்கு வேண்டும். ஒவ்வோர் உறுப்பினரும் பழந்தமிழ் நூல் ஒன்றை உரையோடு தமதாக்கிக்கொள்ளட்டும். சொல்லகராதியும் குறிப்பேடும் கொண்டு அதை முறையாகப் பயிலட்டும். தம் ஊரிலும் உறவிலும் எஞ்சியிருக்கும் சுவடியையோ பழம்பதிப்பையோ தேடிக் காக்கட்டும். இருபதாம் ஆண்டு மலர் வெளிவரும்போது, நாம் பாடியவற்றோடு நாம் பாதுகாத்தவற்றையும் அதில் எண்ணிக் காட்டலாம்.