கிரீடத்தைத் துரத்திய ராஜா, கிராமத்தை நம்பிய ராஜா: பராந்தகச் சோழரின் டூ-டூ லிஸ்ட்

உங்கள் போனில் ஒரு டூ-டூ லிஸ்ட் இருக்கும். இல்லாவிட்டால் வாட்ஸ்அப்பில் உங்களுக்கு நீங்களே அனுப்பிக்கொண்ட மெசேஜ்களாவது இருக்கும். அதைக் கொஞ்சம் மேலே தள்ளிப் பாருங்கள். போன மாசமும் எழுதி, அதற்கு முந்தின மாசமும் எழுதி, இந்த வாரமும் அப்படியே நகர்த்தி வைத்த வேலை ஒண்ணு அதில் கட்டாயம் இருக்கும். அதைச் செய்யவும் மாட்டீர்கள், அழிக்கவும் மனசு வராது.

ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் தஞ்சாவூரிலிருந்து ஆண்ட ஒரு ராஜாவிடமும் அப்படி ஒரு வேலை இருந்தது. ஒரு கிரீடத்தை வாங்கிவர வேண்டும், அவ்வளவுதான். கடைசிவரை அது அவர் கைக்கு வரவில்லை. ஆனால் அவர் தன் கையில் வைத்துக்கொள்ளாமல் ஊர்க்காரர்களிடமே விட்ட இன்னொரு வேலை, காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் இன்றைக்கும் கல்லில் இருக்கிறது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் போய் நீங்களே பார்க்கலாம்.

அவர் பெயர் முதலாம் பராந்தகன். 'பொன்னியின் செல்வன்' பார்த்திருப்பீர்கள். அதில் படுக்கையிலேயே இருக்கிற சுந்தர சோழர் இருக்கிறாரே, அவருடைய தாத்தாதான் இவர். ராஜராஜனுக்குக் கொள்ளுத்தாத்தா. நீங்கள் சென்னையில் இருந்தால் இன்னொரு உறவும் உண்டு. உங்கள் வீட்டுக் குழாயில் வரும் வீராணம் தண்ணீர் இருக்கிறது இல்லையா? அந்த ஏரியின் பெயர் இவருடைய 'வீரநாராயணன்' என்ற பட்டத்திலிருந்து வந்ததுதான்.

907-இல் பட்டத்துக்கு வந்தார். அப்பா ஆதித்த சோழன் நல்ல சொத்து விட்டுப் போயிருந்தார். பல்லவர்களை முடித்து, காஞ்சிபுரம் பக்கம் முழுவதையும், அதாவது தொண்டை மண்டலத்தை, சோழ ராஜ்ஜியத்தோடு சேர்த்துவிட்டுப் போனவர் அவர். கூடவே ஒரு பிரச்னையும் விட்டுப் போனார். ஆதித்தனின் இன்னொரு மனைவி வடக்கே ராஷ்டிரகூடர் வீட்டுப் பெண். அந்த வழியில் பிறந்த பிள்ளைக்குப் பட்டம் கிடைக்கவில்லை என்ற கோபத்தில்தான் ராஷ்டிரகூட ராஜா ஆரம்பத்திலேயே படையெடுத்து வந்தார் என்பது வரலாற்று ஆசிரியர்கள் பலரின் கருத்து. திருவல்லத்தில் நடந்த சண்டையில் பராந்தகன் ஜெயித்தார். வடக்குக் கதவைச் சாத்தியாச்சு என்று நினைத்திருக்கலாம்.

தெற்கே மதுரை. பதவிக்கு வந்த மூணாவது வருஷத்திலேயே 'மதுரை கொண்ட' என்று கல்வெட்டுகளில் போட்டுக்கொள்ள ஆரம்பித்துவிட்டார். வேலை முழுசா முடிவதற்கு முன்பே லிங்க்ட்இன்-இல் போட்டுக்கொள்வது மாதிரிதான். பாண்டியன் ராஜசிம்மன் விடவில்லை. இலங்கையிலிருந்து படை வரவழைத்தான். வெள்ளூர் என்ற இடத்தில் இரண்டு படையும் சேர்ந்தே தோற்றன. இலங்கைத் தளபதி நோய் வந்து இறந்துபோனான். கடைசியில் ராஜசிம்மன் இலங்கைக்கே ஓடினான். அங்கே தன் பரம்பரைக் கிரீடத்தையும் ஆபரணங்களையும் அடைக்கலமாக வைத்துவிட்டு, கேரளத்தில் இருந்த அம்மா வீட்டுக்குப் போய்விட்டான்.

மதுரை பராந்தகனிடம்தான் இருந்தது. வரி வந்தது, அதிகாரம் இருந்தது. ஆனால் மதுரையில் பாண்டியன் கிரீடத்தைச் சூடினால்தான் அது முறைப்படி தனது என்று ஆகும். அந்தக் கிரீடம் கடலுக்கு அந்தப் பக்கம். லிஸ்டில் முதல் பெண்டிங் ஏறிவிட்டது.

கிரீடம் அப்படியே இருக்கட்டும். நாம் உத்திரமேரூருக்கு வருவோம்.

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே ஒரு மணி நேர பஸ் பயணம். இப்போதும் நெல்லும் ஏரியுமாக இருக்கிற ஊர்தான். பல்லவர் காலத்திலேயே பெரிய ஊர். 30 குடும்புகள், அதாவது 30 வார்டுகள். ஏரியை யார் பார்ப்பது, தோட்டத்தை யார் கவனிப்பது, பொன்னை மாற்றுப் பார்ப்பது யார் என்று அன்றாடம் ஆயிரம் வேலை. ஜெயித்து வந்த புது நிலம். வேறொரு ராஜாவாக இருந்தால் தன் ஆளை அதிகாரியாக உட்கார வைத்திருப்பான்.

பராந்தகன் அப்படிச் செய்யவில்லை. 919-இல், தன் 12-ஆம் ஆட்சியாண்டில், ஓர் ஆணை அனுப்பினார். கூடவே தத்தனூர் மூவேந்தவேளான் என்ற அதிகாரியையும் அனுப்பினார். அதிகாரி உடன் இருக்க, முடிவு எடுத்தது ஊர்ச் சபைதான். வாரியங்களுக்கு, அதாவது கமிட்டிகளுக்கு, ஆள் எப்படித் தேர்ந்தெடுப்பது என்ற விதிகளை அவர்களே வகுத்தார்கள்.

இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் வருகிறது. இரண்டே வருஷத்தில் அதே சபை மறுபடி உட்கார்ந்தது. இந்தத் தடவை ராஜா அனுப்பியது சோமாசிப் பெருமான் என்ற வேறொரு அதிகாரியை. 919-இல் எழுதிய விதிகளைத் திருத்தி, 921-இல் இன்னும் விரிவாக எழுதினார்கள். முதலில் 30 வயதிலிருந்து 60 வரை என்று வைத்திருந்ததை 35-லிருந்து 70 வரை என்று மாற்றினார்கள். யார் யார் நிற்கக் கூடாது என்ற பட்டியல் நீண்டது. கல்லில் வெட்டின பிறகும், சரிவரவில்லை என்றால் மாற்றலாம் என்று ஒரு கிராமம் நினைத்திருக்கிறது. ராஜாவும் அதை இரண்டு வருஷம் கழித்து மறக்காமல் ஆள் அனுப்பிக் கவனித்திருக்கிறார். நாம் ஜனவரி 1-ஆம் தேதி போட்ட பிளானை மார்ச்சில் ஒரு தடவையாவது திறந்து பார்க்கிறோமா? நான் பார்ப்பதில்லை.

விதிகளைக் கேளுங்கள். வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் இருக்கணும். சொந்த மனையில் வீடு இருக்கணும். படித்திருக்கணும், ரொம்பப் படித்தவராக இருந்தால் அரைக்கால் வேலி நிலமே போதும். வேலையில் கெட்டிக்காரராகவும், நேர்மையாகச் சம்பாதித்தவராகவும் இருக்கணும். கடந்த மூணு வருஷத்தில் எந்த வாரியத்திலும் இருந்திருக்கக் கூடாது. ஏற்கெனவே வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் நிற்க முடியாது. அவர் மட்டுமில்லை, அவருடைய சித்தி பிள்ளை, பெரியம்மா பிள்ளை, அத்தை பிள்ளை, மாமா, மச்சினன், மாப்பிள்ளை என்று நெருங்கின சொந்தம் எதுவும் நிற்க முடியாது. ஒருத்தர் பில் கொடுக்கவில்லை என்றால் குடும்பத்துக்கே பிளாக்!

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் தப்பு. இது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுக்கப்பட்ட ஊர். போட்டியிட்டது நிலம் உள்ள பிராமண ஆண்கள் மட்டும்தான். ஏரிக்கரையில் மண் சுமந்தவர்களின் பெயர் அந்தக் குடத்துக்குள் போகவில்லை. பெண்கள் பெயரும் போகவில்லை. இதை இன்றைய ஜனநாயகம் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த இடத்தைச் சட்டென்று தாண்டிப் போய்விடுவார்கள்.

தேர்ந்தெடுத்த முறை அருமையானது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் கட்டி, குடத்தில் போடுவார்கள். சபை முழுவதும் கூடியிருக்கும். கோயில் நம்பிமாரில் மூத்தவர் குடத்தை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டுவார். எழுத்து தெரியாத ஒரு சின்னப் பையன் கையை விட்டு ஓலை எடுப்பான். அதை வாங்குகிற மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையில்தான் வாங்கணும். விரல் இடுக்கில் வேறு ஓலை ஒளித்து வைத்திருக்கக் கூடாது இல்லையா! அவர் வாசித்ததை அங்கே இருக்கிற நம்பிமார் எல்லாரும் மறுபடி வாசிப்பார்கள்.

இப்படி 30 குடும்புக்கு 30 பேர். அவர்களில் 12 பேர் சம்வத்சர வாரியத்துக்கு, அதாவது ஊரை முழுசாக மேற்பார்வை பார்க்கும் ஆண்டு வாரியத்துக்கு. 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பதவிக்காலம் 360 நாள். தப்புச் செய்தால் நடுவிலேயே வெளியே.

வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆன தம்பி, தங்கைகள் கவனிக்க ஒரு விஷயம் இதற்குள் இருக்கிறது. ஆண்டு வாரியம்தான் பெரிய இடம். அதற்குப் போகிற 12 பேரும் ஏற்கெனவே தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் பார்த்தவர்களாக, படிப்பிலும் வயதிலும் முதிர்ந்தவர்களாக இருக்கணும். முதலில் மதகு எங்கே அடைக்கிறது, கரை எங்கே கசிகிறது என்று காலில் சேறு படத் தெரிந்துகொள்ளணும். அதற்கப்புறம்தான் ஊர்க் கணக்கு. நடுவில் மூணு வருஷம் இடைவெளி வேறு. அந்த மூணு வருஷத்தில் அவர்கள் என்ன செய்தார்கள் என்று கல் சொல்லவில்லை. நிலத்தைப் பார்த்திருப்பார்கள், படித்திருப்பார்கள், திரும்பவும் குடத்தில் பெயர் போடத் தகுதியோடு இருந்திருப்பார்கள். நாமோ 'டீம் லீட்' என்ற பெயர் அடுத்த ஏப்ரலுக்குள் வரவில்லை என்றால் ரெஸ்யூமே அப்டேட் பண்ண ஆரம்பித்துவிடுகிறோம்.

திரும்பவும் பராந்தகனிடம் போவோம். உத்திரமேரூர் மாதிரி ஊர்கள் தங்களைத் தாங்களே பார்த்துக்கொண்டதால் அவர் கை காலியாக இருந்தது. தில்லைச் சிற்றம்பலத்துக்குப் பொன் வேய்ந்தார். நீண்ட ஆட்சி, ஏறத்தாழ 48 வருஷம். ஆனால் அந்தக் கிரீடம் மட்டும் மனசை விட்டுப் போகவே இல்லை.

இலங்கையில் நான்காம் உதயன் ராஜாவானபோது சரியான சமயம் என்று நினைத்தார். உதயன் குடித்துவிட்டுச் சோம்பிக் கிடப்பவன் என்று இலங்கையின் வரலாற்று நூலே சொல்கிறது. கிரீடத்தைக் கேட்டு ஆள் அனுப்பினார், தரவில்லை. படையை அனுப்பினார்; படை ஜெயித்தது. ஆனால் உதயன் கிரீடத்தைத் தூக்கிக்கொண்டு தீவின் தெற்கே ரோகண நாட்டுக் காட்டுப் பகுதிக்கு ஓடிவிட்டான். சோழப் படையால் அதற்குள் போக முடியவில்லை. வெறுங்கையோடு திரும்பியது. 'மதுரையும் ஈழமும் கொண்ட' என்ற பட்டம் மட்டும் மிச்சம்.

இதெல்லாம் நடந்தது 940-களில். அப்போது வடக்கே என்ன நடந்துகொண்டிருந்தது?

மூன்றாம் கிருஷ்ணன் என்ற புது ராஷ்டிரகூட ராஜா வந்திருந்தார். சோழர் பக்கம் நின்ற கங்க நாட்டில் ஆள் மாறிவிட்டது. புது கங்கன் பூதுகன், கிருஷ்ணனின் மச்சான். பராந்தகன் ஒரேயடியாகத் தூங்கிவிட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். மூத்த மகன் ராஜாதித்தனைப் பெரிய படையோடு திருமுனைப்பாடி நாட்டில், திருநாவலூர்ப் பக்கம், பல வருஷம் நிறுத்தி வைத்திருந்தார். கேரளத்திலிருந்து வந்த வீரர்கள் நிறையப் பேர் அந்தப் படையில் இருந்தார்கள். ஆபத்து எங்கிருந்து வரும் என்று தெரிந்துதான் வைத்திருந்தார். ஆனாலும் ராஜ்ஜியத்தின் உயிர் வடக்கு எல்லையில் இருந்தபோது, தன் ஆசையின் ஒரு பகுதியைக் கடல் கடந்து அனுப்பிக்கொண்டிருந்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

949-இல் அரக்கோணத்துக்குப் பக்கத்தில் தக்கோலத்தில் சண்டை. ராஜாதித்தன் யானை மேல் இருந்தபடியே பூதுகனால் கொல்லப்பட்டான். 'ஆனை மேல் துஞ்சிய தேவர்' என்று பிற்காலக் கல்வெட்டுகள் அவனைக் குறிப்பிடுகின்றன. அவனுடைய கேரள நண்பன் ஒருவன் அந்தச் சண்டையில் பக்கத்தில் இருக்க முடியவில்லை. கூடவே செத்திருக்க வேண்டியவன் தான் என்ற வேதனையில், துறவியாகித் திருவொற்றியூர் மடத்தில் சதுரானன பண்டிதர் ஆனான். அந்தக் கதையும் கல்லில்தான் இருக்கிறது.

வயதான காலத்தில் மூத்த பிள்ளையை இழந்த அப்பாவாகப் பராந்தகனைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அப்பா ஜெயித்துக் கொடுத்த தொண்டை மண்டலமும் கையை விட்டுப் போனது. காஞ்சியையும் தஞ்சையையும் கொண்டவன் என்று இப்போது கிருஷ்ணன் பட்டம் போட்டுக்கொண்டார். 955 வாக்கில் பராந்தகன் இறந்தார். அடுத்து வந்த மகன் கண்டராதித்தனுக்குச் சண்டையைவிடச் சிவன்மேல் பாட்டுப் பாடுவதில்தான் ஈடுபாடு.

கிரீடம்? அது இலங்கையிலேயே கிடந்தது. ஏறத்தாழ 70 வருஷம் கழித்து, பராந்தகனின் பேரனுக்குப் பேரன் ராஜேந்திரன் போய் எடுத்து வந்தான். அதற்குள் சோழர்களிடம் ராஜராஜன் கட்டின படையும் கப்பல்களும் இருந்தன. அந்த வேலைக்கு அப்போதுதான் நேரம் வந்திருந்தது.

உத்திரமேரூரில் சபை தன் பாட்டுக்குக் கூடிக்கொண்டிருந்தது. ராஷ்டிரகூடர் வந்தார்கள், போனார்கள். ராஜராஜன் காலத்திலும், ராஜேந்திரன் காலத்திலும் அதே சபை நிலத்துக்கும் ஏரிக்கும் முடிவு எடுத்து, அதே ஊர்க் கோயில் சுவர்களில் வெட்டி வைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுத்தால் மதியச் சாப்பாட்டுக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். கல்வெட்டு கையெட்டும் உயரத்தில்தான் இருக்கிறது. எழுத்து வாசிக்க வராது, பரவாயில்லை. குடத்தில் கைவிட்ட அந்தப் பையனுக்கும் வாசிக்கத் தெரியாது. பார்த்துவிட்டு அப்படியே ஏரிக்கரைக்கும் போய் வாருங்கள்.