அல்பிரட் வேர்னர் (1866 – 1919)

உலோக அயன்களுடன் நடுநிலை மூலக்கூறுகள் எவ்வாறு பிணைகின்றன என்பதை விளக்கியவர் அல்பிரட் வேர்னர் ஆவார். இவர் 1866 டிசெம்பர் 12 ஆம் திகதி, அப்போது பிரான்சுக்குரியதாயிருந்த அல்சாஸ் பகுதியின் முல்ஹவுஸ் நகரில் பிறந்தார். சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில் கல்வி கற்று, 1890 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

அக்கால இரசாயனவியலாளரைத் திகைக்க வைத்த வினா ஒன்று இருந்தது. வலுவளவு 3 உடைய கோபாற்று, மூன்று குளோரைட்டு அயன்களுடன் சேர்ந்ததும் அதன் வலுவளவு நிறைவுறுகின்றது. எனினும் அச்சேர்வை மேலும் ஆறு அமோனியா மூலக்கூறுகளையும் ஏற்கின்றது. ஏற்றமற்ற மூலக்கூறுகள் எவ்வாறு பிணைகின்றன? அமோனியா மூலக்கூறுகள் சங்கிலிபோல் ஒன்றுடனொன்று தொடுக்கப்பட்டுள்ளன என்றார் டென்மார்க் பேராசிரியர் யோர்கன்சன்.

1893 இல், 26 வயது இளைஞரான வேர்னர் இதனை மறுத்தார். உலோக அயனைச் சூழ எண்முகி வடிவில் ஆறு இடங்கள் உள்ளன; அவ்விடங்களில் அயன்களும் நடுநிலை மூலக்கூறுகளும் நேரடியாகப் பிணைகின்றன என்றார். அன்று அவரிடம் சொந்தப் பரிசோதனைச் சான்றுகள் மிகக் குறைவு. யோர்கன்சன் தயாரித்த சேர்வைகளையே ஆதாரமாகக் கொண்டார்.

எதிலீன் டையமீன் என்பது ஒரு சிறிய சேதன மூலக்கூறு. அதன் இரு முனைகளிலும் நைதரசன் அணு இருப்பதால், ஒரு மூலக்கூறே இரு இடங்களில் பிணையும். இத்தகைய இரு மூலக்கூறுகளும் இரு குளோரைட்டுகளும் கோபாற்றுடன் பிணைந்தபோது பச்சை, ஊதா ஆகிய இரு நிறச் சேர்வைகள் கிடைத்தன. குளோரைட்டுகள் அமைந்த இடமே இதற்குக் காரணம் என்பது வேர்னரின் கருத்து. சேதன மூலக்கூறே காரணம் என்பது யோர்கன்சனின் கருத்து. சேதன மூலக்கூறுக்குப் பதிலாக அமோனியாவைக் கொண்ட பச்சைச் சேர்வை மட்டுமே அதுவரை அறியப்பட்டிருந்தது. 1907 இல் வேர்னர் அதன் ஊதா வடிவத்தையும் தயாரித்தார். யோர்கன்சன் தோல்வியை ஏற்றுக்கொண்டார்.

1911 இல் எதிலீன் டையமீன் கொண்ட கோபாற்றுச் சேர்வையொன்றை, வலக்கை இடக்கை போன்ற இரு வடிவங்களாகப் பிரித்து, எண்முகி அமைப்பை மேலும் உறுதிப்படுத்தினார். 1913 இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு இவருக்குக் கிடைத்தது. 1919 நவம்பர் 15 ஆம் திகதி, 52 ஆவது வயதில் சூரிச்சில் காலமானார்.

நைதரசன் தனது இலத்திரன் சோடியொன்றை உலோக அயனுடன் பங்கிடுவதாலேயே இப்பிணைப்பு உண்டாகின்றது என்பது அவரது மறைவின் பின்னரே தெளிவாகியது.

மாணவர்களே, வேர்னரின் கொள்கையை நிலைநாட்ட உதவியவை, அதனை எதிர்த்தவர் நேர்மையாகச் செய்த பரிசோதனைகளே என்பதையும் நினைவிற் கொள்க.