வெள்ளுடை வேந்தர் தியாகராயர்

நாள்தோறும் நம் நாவில் ஒலிக்கும் பெயர்கள் சில உண்டு. அப்பெயர்களுக்கு உரியவர் யார் என்று ஒரு கணம் நின்று எண்ணுவோர் மிகச் சிலரே. பேருந்தில் ஏறியதும் தி.நகருக்கு ஒரு சீட்டு கேட்கிறோம். பாண்டி பஜாரில் துணி வாங்குகிறோம். பனகல் பூங்காவில் சற்றே இளைப்பாறுகிறோம். அந்தத் 'தி' என்ற ஓரெழுத்துக்குள் ஒரு மனிதரின் நாற்பது ஆண்டு உழைப்பு அடங்கியிருக்கிறது. அவர்தாம் சர் பிட்டி தியாகராயச் செட்டியார்.

தோற்றமும் கல்வியும்

1852ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள், தெலுங்கு பேசும் தேவாங்க நெசவாளர் குலத்தில் தியாகராயர் பிறந்தார். குடும்பம் வணிகத்தில் வளம் பெற்றிருந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1876இல் பி.ஏ. பட்டம் பெற்றார். பட்டதாரிகளை விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய காலம் அது. அரசாங்கப் பதவி அவருக்கு எளிதாகக் கிடைத்திருக்கும். அவரோ குலத்தொழிலான நெசவை மறக்கவில்லை. சொந்தமாக நெசவுச்சாலை நடத்தினார். விசைநாடாத் தறியைக் கைத்தறியாளரிடையே பரப்ப முயன்றார். வாழ்நாள் முழுதும் வெண்ணிற ஆடையே அணிந்தார். அதனால்தான் மக்கள் அவரை வெள்ளுடை வேந்தர் என்று அன்போடு அழைத்தனர்.

நகராண்மைப் பணி

1882ஆம் ஆண்டு, தம் முப்பதாம் வயதில், சென்னை நகராண்மைக் கழகத்தின் உறுப்பினரானார். அன்று தொடங்கிய பணி நாற்பது ஆண்டுகள் நீடித்தது. நகராண்மைப் பணியில் கைதட்டல் குறைவு. சாக்கடை, குடிநீர், தெருவிளக்கு, பள்ளிக்கூடம் ஆகியவையே அங்கு அன்றாடப் பேச்சு. ஆயினும் ஓர் ஊரின் உண்மையான துன்பங்களை அறிந்துகொள்ள அதைவிடச் சிறந்த கல்விக்கூடம் வேறில்லை. அக்கல்வியை அவர் பொறுமையோடு பெற்றார்.

அதே கழகத்தில் திருவல்லிக்கேணியின் உறுப்பினராக இருந்தவர் டாக்டர் டி.எம். நாயர். இருவரும் ஒருவரையொருவர் கடுமையாக எதிர்த்து வந்தவர்கள். இவ்விரு துருவங்களையும் இணைத்த பெருமை டாக்டர் சி. நடேசனாரைச் சேரும். வெளியூரிலிருந்து படிக்க வந்த பிராமணரல்லாத மாணவர்கள் தங்க இடமின்றி அலைந்ததைக் கண்டு, திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லம் என்னும் விடுதியை 1916இல் தொடங்கிய பெருந்தகை அவர்.

தோல்வி தந்த பாடம்

1916ஆம் ஆண்டு தியாகராயருக்குச் சோதனையான ஆண்டு. டில்லி சட்டசபைக்குப் போட்டியிட்ட நாயர் தோற்றார். அவ்வாண்டுத் தேர்தலில் தியாகராயரும் தோற்றார். தன்னாட்சி இயக்கத்தாரின் ஆதரவு பெற்ற வேட்பாளரே வென்றார். முப்பத்து நான்கு ஆண்டுகள் ஊருக்கு உழைத்தவருக்கு அறுபத்து நான்காம் வயதில் கிடைத்த பரிசு தோல்வி! வேறொருவராயின் ஓய்ந்து வீட்டில் அமர்ந்திருப்பார்.

தியாகராயர் ஓயவில்லை. அவ்வாண்டு நவம்பர் மாதம், நாயர், நடேசனார் முதலியோருடன் கூடித் தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தை நிறுவினார். டிசம்பரில் பிராமணரல்லாதார் அறிக்கை அவர் கையொப்பத்துடன் வெளிவந்தது. கல்வியிலும் அரசுப் பணியிலும் பெரும்பான்மை மக்களுக்கு உரிய பங்கு இல்லை என்பதை அது எடுத்துக்காட்டியது. சங்கம் நடத்திய ஜஸ்டிஸ் என்னும் ஆங்கில நாளேட்டின் பெயரே கட்சிக்கும் வழங்கலாயிற்று. தமிழில் நீதிக்கட்சி என்றனர். 1919இல் நாயர் இலண்டனில் மறைந்தார். கட்சியின் முழுச்சுமையும் தியாகராயர் தோள்மீது விழுந்தது.

ஓரணாச் சோறு

நகராண்மைக் கழகத்தின் தலைவரை அரசாங்கமே நியமிப்பது பழைய வழக்கம். 1919ஆம் ஆண்டுச் சட்டம் அதை மாற்றியது. உறுப்பினரால் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் தலைவராகத் தியாகராயர் அமர்ந்தார். அப்போது அவர் செய்த ஒரு செயலே அவர் வாழ்வின் மணிமுடி என்பேன்.

ஆயிரம் விளக்கிலிருந்த மாநகராட்சிப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகள் வரவில்லை, வந்தவரும் நிலைக்கவில்லை. காரணம் பசி. அப்பிள்ளைகளுக்கு நண்பகல் உணவு தருவதென 1920ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் கழகம் தீர்மானித்தது. ஒரு மாணவனுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படக் கூடாது என்பது கணக்கு. பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்கு இத்திட்டம் விரிந்தது. அவ்வைந்து பள்ளிகளில் 1922-23இல் 811ஆக இருந்த மாணவர் தொகை 1924-25இல் 1,671ஆக உயர்ந்தது. சோறு கண்ட இடத்தில் படிப்பு வளர்ந்தது!

சட்டமன்றம் புகுதல்

தீர்மானம் நிறைவேறிய இரண்டே மாதங்களில் சட்டமன்றத் தேர்தல் வந்தது. அப்படியானால் இது வாக்குக்காகப் போட்ட சோறா என்று ஐயுறுவோர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். அன்று எல்லோருக்கும் வாக்குரிமை இல்லை. சொத்து உள்ளவரும் வரி கட்டியவருமே வாக்களிக்கலாம். ஆயிரம் விளக்குப் பள்ளியில் இலை முன் அமர்ந்த ஏழைப் பிள்ளைகளின் பெற்றோருக்கு வாக்கு ஏது? கைம்மாறு செய்ய இயலாதவருக்குச் செய்த உதவி அது. வரியைத் தந்தவரோ வாக்காளர். அவர்களிடமே வரிப்பணத்தை ஏழைக்குச் செலவிட்டேன் என்று சொல்லிக்கொண்டுதான் அவர் தேர்தலுக்குச் செல்ல வேண்டியிருந்தது.

காங்கிரஸ் அத்தேர்தலைப் புறக்கணித்தது. தேர்ந்தெடுக்கப்பட வேண்டிய 98 இடங்களில் நீதிக்கட்சி 63 இடங்களை வென்றது. தியாகராயர் சென்னை நகரிலிருந்து தம் அறுபத்தெட்டாம் வயதில் வென்றார். ஆளுநர் வெலிங்டன் அவரையே அமைச்சரவை அமைக்க அழைத்தார். அவர் அப்பதவியை ஏற்கவில்லை. கடலூர் சுப்பராயலு ரெட்டியார் முதலமைச்சரானார்; 1921இல் பனகல் அரசர் அவருக்குப் பின் வந்தார். அவ்வாண்டே அரசுப் பணியில் எல்லா வகுப்பாருக்கும் இடமளிக்கும் ஆணை பிறந்தது. குறைகளும் இல்லாமலில்லை. ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர் எம்.சி. இராஜா, தம் மக்களுக்கு நீதிக்கட்சி போதிய நீதி செய்யவில்லை எனக் கருதி 1923இல் விலகினார். அதையும் நாம் மறைத்தலாகாது.

அணைந்த அடுப்பு

1925ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் மதிய உணவு நின்றது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து அதற்குச் செலவிட அன்றைய ஆங்கில அரசு இசையவில்லை. அதே ஆண்டில் தியாகராயரும் தம் எழுபத்து மூன்றாம் வயதில் மறைந்தார். அவர் ஏற்றிய அடுப்பும் அவரும் ஒரே ஆண்டில் அணைந்தது காலத்தின் கொடுமை.

ஆயினும் நெருப்பு அவியவில்லை. 1956இல் காமராசர் அதை மாநிலமெங்கும் மூட்டினார். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக வளர்த்தார். 2022இல் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். என் தாயும் தந்தையும் விடியுமுன் வேலைக்குச் செல்பவர்கள். பள்ளி நாள்களில் என் மதியப் பசியை ஆற்றியது சத்துணவுக் கூடமே. அந்தத் தட்டின் வரலாறு ஆயிரம் விளக்கில் தொடங்கியது என்று அண்மையில் படித்தறிந்தபோது, தியாகராயர் எனக்கும் உறவினராகிவிட்டார்.

ரிப்பன் மாளிகையின் முன்னே அவர் சிலை நிற்கிறது. பழைய வண்ணாரப்பேட்டையில் அவர் பெயரால் ஒரு கல்லூரி நடக்கிறது. மாம்பலத்து ஏரி நிலத்தில் எழுந்த நகர் அவர் பெயர் தாங்கியது. பின்னாளில் அதுவே ஒரு சட்டமன்றத் தொகுதியின் பெயராகவும் ஆயிற்று. ஓர் இடத்துக்காகப் போராடித் தோற்றவரின் பெயரே இன்று ஓர் இடமாக நிற்கிறது! நாளை நம்மில் சிலர் பொதுப்பணிக்குச் செல்லக்கூடும். அவ்வேளை வாக்கில்லாதவரின் இலையில் முதலில் சோறு விழட்டும். தியாகராயர் வாழ்வு நமக்குக் காட்டும் வழி அதுவே.