வள்ளல் அழகப்பர்



இந்தச் சுவரிதழுக்காக நான் எடுத்துக்கொண்டவர் டாக்டர் அழகப்பச் செட்டியார். காரைக்குடிப் பக்கம் பஸ்ஸில் போனால் திரும்பின இடமெல்லாம் அவர் பேர்தான். பேர்ப்பலகை தெரிஞ்ச அளவுக்கு ஆளை நமக்குத் தெரியாது.

1909 ஏப்ரல் 6-ல் கோட்டையூரில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில எம்.ஏ. முடித்து, லண்டன் போய் பாரிஸ்டர் ஆனார். அங்கேயே விமானம் ஓட்டவும் கத்துக்கிட்டார். ஆனால் கோர்ட்டுப் பக்கம் போகாமல், நகரத்தார் வழக்கப்படி கடல் கடந்த தொழிலில் இறங்கிட்டார். மலேயாவில் ரப்பர் தோட்டம், பர்மாவில் வெள்ளீயச் சுரங்கம், திருச்சூர் பக்கம் துணி மில். அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன சிலர் ரயில் கம்பெனியில் முதல் போட்டுக் கோடீஸ்வரர் ஆனாங்க. நம்ம செட்டியார் ஜூபிடர் ஏர்வேஸ்னு விமானக் கம்பெனியே நடத்தினார்!

நம்ம செட்டிநாட்டில் பணம் சேர்ந்தால் கோயில் திருப்பணி செய்வாங்க, சத்திரம் கட்டுவாங்க. இவர் பணம் படிப்புக்குப் போச்சு. 1944-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குத் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்க 5 லட்சம் கொடுத்தார். கிண்டியில் இருக்கிற ஏ.சி. டெக் அதுதான். ஏ.சி. என்றால் ஏர் கண்டிஷன் இல்லை, அழகப்பச் செட்டியார்!

1947-ல் சென்னையில் ஒரு கூட்டம். கல்லூரி தொடங்கச் செல்வந்தர்கள் முன்வரணும்னு துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் கேட்டார். காரைக்குடியில் நான் தொடங்குறேன்னு அங்கேயே சொல்லிட்டார் அழகப்பர். சொன்னதோடு நிற்கலை. அதே வருஷம் காந்தி மாளிகையில் வகுப்பு நடந்தது.

அப்புறம் மத்திய அரசின் மின்வேதியியல் ஆய்வகம். டெல்லி, பம்பாய்னு போயிருக்க வேண்டியதை இந்தப் பொட்டல் காட்டுக்குக் கொண்டு வந்தவர் அவர். 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்தார். 1948-ல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார், 1953-ல் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார்.

இத்தனைக்கும் அவர் உடம்பு நல்லா இல்லை. தொழுநோய். அந்தக் காலத்தில் அந்த நோய் வந்தவரைச் சொந்தக்காரங்களே ஒதுக்கி வைப்பாங்க. அவர் வேலையை நிறுத்தலை. 1956-ல் பத்மபூஷண் விருது வந்தது. மறு வருஷம் ஏப்ரல் 5-ல் காலமானார். மறுநாள் அவருக்கு 48 வயது நிறைஞ்சிருக்கும். 1985-ல் அவர் பேரிலேயே பல்கலைக்கழகம் வந்தது.

பணம் இருக்கிறவங்க பணம் கொடுக்கிறது பெரிசில்லைன்னு சிலர் சொல்வாங்க. பெண்பிள்ளைகள் படிக்கக் கல்லூரி வேணும், கட்டடம் இல்லை என்றபோது, கோட்டையூரில் இருந்த தன் சொந்த மாளிகையையே விட்டுக் கொடுத்தவர் அவர்.