'கேம் பாய்' தந்தவர் 'விர்ச்சுவல் பாய்'ல சறுக்கியது எப்படி? யார் இந்த கும்பெய் யோகோய்?

ஆரணியில் பட்டுத்தறிக்கு மேல ஜக்கார்டு பெட்டி இருக்கும். ஓட்டை போட்ட அட்டைகளை அதில் மாட்டினால்தான் சேலையில் மயிலும் மாங்காயும் விழும். அட்டை இல்லைன்னா எவ்வளவு நல்ல தறியும் வெறும் துணிதான் நெய்யும். வீடியோ கேம் கருவிக்கு அந்த அட்டை, கேம்கள்தான். இது நல்லா தெரிந்த ஒருவரே இதில் சறுக்கினார்.

கும்பெய் யோகோய் 1941-ல் கியோட்டோவில் பிறந்தவர். அதுவும் நம்ம ஆரணி மாதிரி பட்டு நெசவுக்குப் பேர்போன ஊர். 1870-களிலேயே பிரான்சின் லியோனிலிருந்து அங்கே ஜக்கார்டு வந்துவிட்டது.

1965-ல் நிண்டெண்டோவில் சேர்ந்தார். அப்போது அது சீட்டுக்கட்டு தயாரிக்கும் கம்பெனி. இவருக்கு மெஷின் பராமரிப்பு வேலை. சும்மா இருந்த நேரத்தில் நீண்டு மடங்கும் பொம்மைக் கை ஒன்றைச் செய்தார். முதலாளி யமௌச்சி கண்ணில் பட்டது. திட்டு விழவில்லை, அதையே விற்பனைக்குக் கொண்டுவரச் சொன்னார். 'அல்ட்ரா ஹேண்ட்' 10 லட்சத்துக்கு மேல் விற்றது.

ரயிலில் ஒருவர் பொழுது போகாமல் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து வந்த யோசனைதான் 1980-ன் 'கேம் அண்ட் வாட்ச்'. விளையாடாதபோது அது கடிகாரம். 1989-ல் கேம் பாய். போட்டிக் கருவிகளில் கலர் திரை இருந்தும் இதுதான் ஜெயித்தது. விலை குறைந்து, பழகிப்போன தொழில்நுட்பத்தை வேறு விதமாகப் பயன்படுத்துவது அவர் வழி. அமெரிக்காவில் 'டெட்ரிஸ்' கேமும் கூடவே வந்தது, அது போதாதா!

அடுத்தது 1995 ஜூலையில் வந்த விர்ச்சுவல் பாய். கண்ணை வைத்துப் பார்த்தால் முப்பரிமாணம். ஆனால் செலவைக் குறைக்க, சிவப்பும் கருப்பும் மட்டும்தான். மேசையில் வைத்து, குனிந்து பார்க்கணும். கண் வலிக்கக்கூடாதென்று இடையிடையே ஓய்வு எடுக்கச் சொல்லும் வசதி வேறு!

இதையெல்லாம் கூட மக்கள் பொறுத்திருக்கலாம். கேம் எங்கே? ஜப்பானில் முதல் நாளில் 5 மட்டுமே. மொத்த ஆயுளிலும் 22. இருவர் சேர்ந்து விளையாட இணைப்புத் துளை வைத்தார்கள், அதற்கான கேபிள் கடைசிவரை கடைக்கு வரவில்லை. சோனியின் பிளேஸ்டேஷன் பாட்டு சிடியையும் ஓட்டிய காலம் அது. இதில் கேமைத் தவிர எதுவுமே இல்லை. கம்பெனியின் கவனமோ வரவிருந்த நிண்டெண்டோ 64 பக்கம். சுமார் 7.7 லட்சம் விற்றதோடு, ஒரு வருஷத்துக்குள் கடையைக் கட்டினார்கள்.

1996 ஆகஸ்டில் யோகோய் நிண்டெண்டோவை விட்டு விலகினார். இந்தத் தோல்விதான் காரணம் என்று பேச்சு எழுந்தது. அவரோ, முன்பே எடுத்த முடிவு என்றார். சொந்தமாக 'கோட்டோ' நிறுவனம் தொடங்கி, பண்டாய் கம்பெனிக்காக 'வொண்டர்ஸ்வான்' கருவியில் இறங்கினார்.

1997 அக்டோபர் 4. ஹொகுரிகு நெடுஞ்சாலையில் அவர் வந்த கார் லாரி மீது மோதியது. என்ன ஆச்சுன்னு பார்க்க இறங்கியவர் மீது இன்னொரு கார் மோதியது. வயது 56.

1999-ல் வொண்டர்ஸ்வான் ஒரே ஒரு பேட்டரியில் ஓடும் கருவியாகக் கடைக்கு வந்தது. அதோடு வந்த ஒரு கேமுக்கு 'கும்பெய்' என்றே பெயர் வைத்திருந்தார்கள்.