இயற்கை வளர்த்த கவிஞர்

இங்கிலாந்தின் வடமேற்கே, மலைகளும் ஏரிகளும் செறிந்த கம்பர்லாந்துப் பகுதியில், காக்கர்மவுத் என்னும் ஊரில், 1770ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் வில்லியம் வேர்ட்ஸ்வொர்த் பிறந்தார். வீட்டுத் தோட்டத்தின் புறத்தே டெர்வென்ட் ஆறு ஓடிற்று. எட்டு வயது நிரம்புமுன் அன்னை மறைந்தார். தங்கை டாரதி உறவினர் இல்லத்திற்கு அனுப்பப்பெற்றார். மறு ஆண்டு வில்லியம் ஹாக்ஸ்ஹெட் ஊர்ப் பள்ளியிற் சேர்ந்தார். மலைச்சாரலில் திரிவதும், உறைந்த ஏரியின்மீது சறுக்கி விளையாடுவதும் அவர்தம் இளமைக்கு உணவாயின.

அவ்விளமையைப் பின்னாளில் அவர் நெடும்பாட்டாக இயற்றினார். அடியிறுதியில் இயைபு அமைத்துப் பாடுதல் ஆங்கிலத்திற் பெருவழக்கு. அவரோ இயைபு நீங்கிய யாப்பைக் கொண்டார். ஒருவன் தன் பழைய நாள்களை எண்ணிப் பேசுதற்கு அதுவே ஏற்றது.

அதில் வரும் படகு நிகழ்ச்சி நுணுகி நோக்கத்தக்கது. கோடை மாலை ஒன்றில், அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் கட்டியிருந்த பிறர் படகைச் சிறுவன் அவிழ்த்துச் செலுத்துகிறான். படகு அன்னம்போற் செல்கிறது. அவ்வுவமையில் அவன் களிப்பெல்லாம் அடங்கியுள்ளது. துடுப்பு வலிப்போன் தான் விட்டு வந்த கரையை நோக்கியே அமர்ந்திருப்பான். ஆதலின் படகு விலக விலக, அண்மைக் குன்றின் பின்னே மறைந்திருந்த கரிய பெருமலை மெல்லத் தலையெடுக்கிறது. உயிருள்ளதுபோல் அவனைத் தொடர்கிறது. நடுங்கிய கையனாய் மீள்கிறான். பல நாள் அவன் கனவிலும் அவ்வுருவங்கள் உலவின. இது தற்குறிப்பேற்ற அணியோ எனின், முற்றும் பொருந்தாது. அவ்வணியில் கவிஞன் தன் கருத்தைப் பொருளின்மேல் ஏற்றுவதை அவனும் அறிவான், நாமும் அறிவோம். ஈண்டோ மலை நடந்ததாகவே சிறுவன் நம்பினான். எந்த ஆசிரியரும் அவனை அவ்வாறு திருத்தியிரார்.

1783ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வீடு செல்லக் குதிரைகள் வரவேண்டியிருந்தது. பதின்மூன்று வயதுச் சிறுவன் மேட்டில் ஏறி வழிபார்த்திருந்தான். ஒதுங்க ஒரு கற்சுவர், வலப்புறம் தனித்த ஓர் ஆடு, இடப்புறம் ஒரு முள்மரம், எங்கும் மூடுபனி. வீடு சேர்ந்து பத்து நாள் ஆகுமுன் தந்தை இறந்தார். கவிஞர் அத்துயரை விரித்துப் பேசவில்லை. அந்த ஆட்டையும் மரத்தையும் சுவரையும் காற்றையும் மீண்டும் எண்ணிச் சொல்கிறார், அவ்வளவே. உள்ளதை உள்ளவாறு கூறும் தன்மை நவிற்சி இங்கே புலம்பலினும் ஆழ்ந்து நிற்கிறது.

கேம்பிரிட்ஜிற் கற்றபின் பிரான்சு சென்று மீண்டார். 1798இல் நண்பர் கோலரிட்ஜுடன் லிரிக்கல் பாலட்ஸ் என்னும் நூலை வெளியிட்டார். அவ்வாண்டுக் குளிர்காலத்தில், ஜெர்மனியின் கோஸ்லர் நகரில் தங்கையுடன் தங்கியிருந்தபோதே தம் இளமைப் பகுதிகளை எழுதலானார். கோலரிட்ஜை விளித்துப் பாடிய அந்நூல் 1805இல் பதின்மூன்று பகுதிகளாக நிறைவுற்றது. ஒருவன் தன்னைப்பற்றி இத்துணை நீளப் பாடுதல் தகுமோ என்னும் கூச்சம் அவர்க்கு இருந்தது. அதனை வெளியிடாது வைத்துத் திருத்திக்கொண்டே இருந்தார். 1843இல் அரசவைக் கவிஞரானார். 1850ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் மறைந்தார். மூன்று திங்களின் பின் நூல் அச்சேறிற்று. பிரிலூட் என அதற்குப் பெயரிட்டவர் மனைவி மேரி. அப்போது கோலரிட்ஜ் மறைந்து பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன.