தியோடர் பில்ராத்

ஜெர்மனியின் வடபால், பால்டிக் கடலில் ரூகன் என்னும் தீவு உளது. அத்தீவின்கண் பெர்கன் என்னும் ஊரில் 1829ஆம் ஆண்டு ஏப்பிரல் 26ஆம் நாள் தியோடர் பில்ராத் தோன்றினார். தந்தையார் கிறித்தவ சமய போதகர். மைந்தரின் இளமையிலேயே காசநோயால் மறைந்தார். சிறுவரின் உள்ளமோ இசையிலேயே தோய்ந்து கிடந்தது. பெரியோர் வற்புறுத்தவே அவர் மருத்துவம் பயிலலானார். எனினும் இசையை அவர் கைவிட்டாரல்லர். பிராம்ஸ் என்னும் இசைப் பேரறிஞர் தம் நரம்பிசைக் கோவைகள் இரண்டனைப் பிற்காலத்தில் இவர்க்கு உரிமையாக்கினார்.

1860இல் சூரிக் நகரிலும், 1867இல் வியன்னாவிலும் பில்ராத் அறுவை மருத்துவப் பேராசிரியரானார். தம்மிடம் வந்தோருள் பிழைத்தவர் இத்துணையர், இறந்தவர் இத்துணையர் என ஒளியாது அச்சிட்டு வெளியிட்டார். வெற்றியை மட்டும் பறைசாற்றுவார்க்கு இது கசப்பாகவே இருந்திருக்கும்!

இரைப்பையினின்று உணவு குடலுக்குச் செல்லும் வாயிலில் புற்றுக்கட்டி வளர்ந்தால், உண்டதெல்லாம் வாந்தியாகும். நோயாளி பட்டினியால் மெலிந்து மடிவார். உடலின் உட்புறத்தைக் காட்டும் எக்ஸ் கதிர் 1895இல்தான் கண்டறியப்பட்டது. ஆதலின் அக்காலத்து மருத்துவர் வயிற்றை விரலால் அழுத்தித் தடவியே கட்டியை உணர்ந்தனர். கட்டி அசைந்து கொடுக்குமாயின், அது அண்டை உறுப்புகளோடு ஒட்டவில்லை எனக் கொண்டனர்.

அதனை அறுத்தெடுக்க 1879இல் பாரிசில் பெயான் முயன்றார்; 1880இல் ரிடிகியர் முயன்றார். இருவர்தம் நோயாளிகளும் பிழைத்திலர். உணவைச் செரிக்கும் நீர் தைத்த புண்ணையும் செரித்துவிடாதோ என்பது பெரியதோர் ஐயம். பில்ராத்தின் மாணவர்கள் அதற்கு முன்னரே நாய்களின் இரைப்பையை அறுத்துத் தைத்து, புண் ஆறுதல் கூடும் எனக் கண்டிருந்தனர்.

1881ஆம் ஆண்டு சனவரி 29ஆம் நாள், நாற்பத்து மூன்று வயதுடைய ஓர் அன்னையைப் பில்ராத் அறுவை மேசையில் கிடத்தினார். அவர் வாந்தியால் நலிந்து எலும்புந்தோலுமாய் இருந்தார். இதற்குமுன் எவரும் பிழைத்திராத அறுவைக்கு உடன்பட்ட அவ்வம்மையாரின் துணிவு மருத்துவரின் துணிவினும் குறைந்ததன்று. குளோரோபாம் தந்து மயக்கி, கட்டியை அறுத்தெடுத்து, எஞ்சிய இரைப்பையைக் குடலோடு பொருத்திப் பட்டு நூலால் ஏறத்தாழ ஐம்பது தையல்கள் இட்டார். ஒன்றரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. அம்மையார் கண் விழித்தார், நாளடைவில் உணவும் உண்டார், இல்லம் திரும்பினார்.

ஆயினும் நான்கு திங்களில் அவர் உயிர் நீத்தார். புற்று ஈரலிற் பரவியிருந்தது. உடலைச் சோதித்தபோது, தையலிட்ட இடம் செவ்வனே ஆறியிருந்தது. அடுத்து அவர் அறுவை செய்த இருவரும் இறந்தனர். பில்ராத் அவற்றையும் மறைத்தாரல்லர்.

1885இல் இரைப்பையைக் குடலின் வேறோர் இடத்தில் இணைக்கும் முறையையும் அவர் கையாண்டார். இவ்விரு முறைகளும் பில்ராத் ஒன்று, பில்ராத் இரண்டு என இன்றும் வழங்குகின்றன. 1894ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள் அட்ரியாடிக் கடற்கரையில் அபாசியா என்னும் ஊரில் அவர் காலமானார். உடல் வியன்னாவில் அடக்கம் செய்யப்பெற்றது.